கப்பல் பங்காளிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில், பீடோர் டவுனிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில், நடந்தது இது. இப்போது ஈப்போவில் இருக்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே, “மெதுவாச் சொல்லும்மா, கை வலிக்குது லா” என்று என்னை அதட்டுகிறாள். அப்போது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. அப்பா முகம் அவளுக்குத் தெரியாது. அவள் கையாலேயே எழுதட்டும் என்றுதான் இதை அவளிடம் சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் கப்பல் ஏறினோம். ஏறியது முதல் எனக்கு வாந்தி. குடல் வெளியே வந்துவிடும் போல இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மூன்று இளவட்டங்கள் படுத்திருந்தார்கள். மூன்று பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. ஒருத்தர் தன் மூட்டையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துக் கொடுத்தார். இன்னொருத்தர் நான் வாந்தி எடுத்த இடத்தை முகம் சுளிக்காமல் கழுவி விட்டார். கூடப் பிறந்தவன்கூடச் செய்ய யோசிப்பான். கரை இறங்கியதும் நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து வைத்தார்களே, அங்கேயும் ஐந்து பேரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம். அப்புறம் ஒரே தோட்டத்துக்கே வந்து சேர்ந்தோம்.

மூன்று பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். வாரம் முழுக்கச் சோறும் கருவாடும்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் எங்கள் வீட்டில் சைவச் சாப்பாடு. வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒருத்தர் ஓடை ஓரத்தில் பறித்த, மலாய்க்காரர்கள் பாக்கு என்று சொல்கிற சுருள் கீரை, இன்னொருத்தர் பலாப்பிஞ்சு, மூன்றாவது ஆள் மரவள்ளிக் கொழுந்து. நெய்யையும் மோரையும் நாங்கள் எங்கே கண்டோம்? எல்லாவற்றுக்கும் தேங்காய்ப் பால்தான். என் வீட்டுக்காரர் துருவியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே, “டேய், எனக்கு மிச்சம் வைங்கடா” என்று கத்துவார். பசி தாங்காத மனுஷன். சோறு வேக நேரமானால் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருவார். வாசலில் பாய் விரித்து, பந்தம் கொளுத்தி வைத்துக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் லயமே அதிரும்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். “நடந்தே வந்துடுவேன், அழுவாத” என்று சொல்லிவிட்டுப் போனார். பிணமாகத்தான் கொண்டு வந்தார்கள்.

ஆண்பிள்ளை இல்லை. அந்த மூவரில் சின்னவர்தான் கொள்ளி வைத்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் மனசில் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் வழக்கத்தில் கருமாதி அன்றைக்குச் செத்தவருக்கு இலை போட்டுப் படைத்து, பக்கத்திலேயே பங்காளிகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் வயிறு நிறைந்தால்தான் போனவர் வயிறு நிறையும். ஊரில் என்றால் அவருக்குப் பங்காளிகள் வீடு கொள்ளாமல் வருவார்கள். கடல் தாண்டி வந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? பசி தாங்காத மனுஷன் பசியோடு போய்விடுவாரே என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

துக்க வீடு என்று அடுத்த வீட்டு அக்காதான் எனக்குச் சோறு கொண்டு வந்து வைப்பார். ஒருநாள் அவர் திகைத்துப் போய் வந்து உட்கார்ந்தார்.

“ஒனக்குத் தெரியுமாடி? அந்த மூணு பேரும் வெறும் புளித்தண்ணியில சோறு திங்கிறானுங்க. கருவாட்டுக் கொழம்பு கொண்டு போனேன், வேணாங்கிறானுங்க. அவரு செத்ததுலேர்ந்து கவிச்சியே தொடலயாம். எங்களுக்கும் தீட்டுதான்கா, அப்டிங்கிறானுங்க.”

அப்போதுதான் கவனித்தேன். மூன்று பேர் முகத்திலும் தாடி மண்டிக் கிடந்தது. விடிவதற்கு முன் எழுந்து மரம் சீவப் போகிறவர்கள். வெறும் புளித்தண்ணீரில் உடம்பு எப்படித் தாங்கும்? யாரும் அவர்களை விரதம் இருக்கச் சொல்லவில்லை. பங்காளிகள் சாவுக்கு இருப்பது போலவே இருந்திருக்கிறார்கள். அவர் செத்த அன்றைக்கு வராத அழுகை எனக்கு அன்றைக்கு வந்தது. அக்கா மடியில் விழுந்து ஓவென்று அழுதேன்.

கருமாதிக்கு அந்த மூன்று பேரையே பங்காளிகளாக உட்கார வைப்பது என்று அக்காவிடம் சொன்னேன். விஷயம் கங்காணி காதுக்குப் போயிற்று. எங்களை ஊரிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். எங்கள் சாதிக்காரர். வாசலில் நின்றபடியே பேசினார்.

“வெள்ளிக்கிழமை சோறு வேற, கருமாதி சோறு வேற. நம்ம ஆளுங்க ரெண்டு பேர நான் உக்கார வைக்கிறேன். அந்தப் பயலுங்க வெளிய உக்காந்து தின்னுட்டுப் போவட்டும்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வாய் வந்ததோ! “அவரு சாவுக்கு உங்க ஆளுங்க ஒருநாளாச்சும் வாயக் கட்டுனாங்களா? கட்டுனவங்கதான் உள்ள உக்காருவாங்க” என்றேன்.

“அப்டின்னா இந்த வீட்டுல எவனும் கை நனைக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னது போலவே நடந்தது. பதினாறாம் நாள், கருமாதி அன்று காலையில் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. கங்காணிக்குப் பயப்படாமல் அங்கே பிழைக்க முடியாது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அக்கா மட்டும் பின்பக்கமாக வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். தாலி இறக்கியவள் மூலையில் உட்கார வேண்டும் என்பார்கள். நான் மூலையில் உட்கார்ந்தால் யார் சமைப்பது?

ஒற்றை ஆளாக அடுப்படியில் நின்றேன். பரங்கிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், தேங்காய்ப் பால் விட்ட பலாப்பிஞ்சுக் கூட்டு, ரசம். அவருக்குப் பிடித்தது ஒன்றையும் விடவில்லை. படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. கண்ணீரைத் துடைப்பதும் கிண்டுவதுமாக எப்படியோ இறக்கி வைத்தேன்.

ஆற்றங்கரையில் தாடி மழித்து, முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு மூன்று பேரும் வந்தார்கள். உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார்கள். “வாங்க தம்பி, உங்க அண்ணன் காத்திருக்காரு” என்றேன். அவருக்கு ஓர் இலை, பக்கத்தில் மூன்று இலை. படைத்தேன், விழுந்து கும்பிட்டேன், பரிமாறினேன்.

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். சின்னவருக்குக் கண்ணீர் இலையில் சொட்டியது. சோறு கேட்டார்கள், குழம்பு கேட்டார்கள், ரசத்தை மறுபடியும் வாங்கிக்கொண்டார்கள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவ்வளவு நாளாக அடைத்திருந்த என் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

அவர்கள் கை கழுவப் போன பிறகு, என் வீட்டுக்காரர் இலையில் இருந்ததை எடுத்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பே இல்லை. கூட்டைத் தொட்டேன், அதிலும் இல்லை. ரசத்தில் இல்லை. எதிலுமே இல்லை. இலை ஓரத்தில் வைக்கிற உப்பைக்கூட மறந்திருக்கிறேன், பாவி. அன்றைக்கு உப்புச் சாடியையே நான் திறக்கவில்லை.

எழுந்து ஓடினேன். வெளியே தண்ணீர்ப் பீப்பாய் அருகில் நின்றுகொண்டிருந்தார்கள். “ஏன் தம்பி, உப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

மற்ற இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சின்னவர்தான் சொன்னார்.

“அண்ணன் எலையிலயும் அதே சோறுதான் அண்ணி. அவரு சாப்புடறப்ப நாங்க மட்டும் உப்பு கேட்டு வாங்கித் திங்கிறதா?”



எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ விருந்துகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும், அவர் பசியோடு போகவில்லை என்று நான் இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றால், உப்பில்லாத அந்தச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்த மூன்று பேரால்தான்.