மாமாவின் தோணிக்கு வழி இல்லை

கலியாணம் முடிந்து ஆஸ்திரேலியாவின் வடக்கே போனபோது எனக்கு முதலில் கிடைத்தது ஓர் இத்தாலியக் கிழவரின் தோட்டத்தில் வேலை. மிளகாயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். கிழவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஆனாலும் ஊரார் அவருடைய காணியை ‘இத்தாலிக்காரன் தோட்டம்’ என்றுதான் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கதை சொல்வார். ஆங்கிலம் பழகலாமே என்றுதான் முதலில் பக்கத்தில் போய் இருந்தேன்.

அவருடைய தகப்பன் இத்தாலியின் வடக்கில் ஒரு மலைக் கிராமத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். இங்கிலாந்து வழி வந்தவர்கள் இவர்களைச் சரியான வெள்ளையர் என்றே கணக்கெடுக்கவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்யவும் மறுத்தார்களாம். இத்தாலியர்கள் ஒரே கொட்டிலில் கூட்டமாகப் படுத்து, முறை வைத்துச் சமைத்து, பல பேர் சேர்ந்து ஒரு காணி வாங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனிக் காணிக்குப் போனார்கள். படத்தில் மட்டும் பார்த்த பெண்கள் கப்பலில் வந்து இறங்கி அவர்களுக்கு மனைவியானார்கள். கிழவரின் தாயும் அப்படி வந்தவள்தான்.

அந்த நேரம் உலக யுத்தம் வந்தது. இத்தாலி எதிரி நாடானது. பக்கத்துக் காணிக்காரன் பொலிசுக்குப் போய், இவன் இரவில் லாம்பு காட்டி எதிரிக் கப்பல்களுக்குச் சைகை செய்கிறான் என்று சொன்னான். இவர்கள் வீட்டு மேசையில் அமர்ந்து எத்தனையோ நாள் வைன் குடித்தவன் அவன். லாம்பு எரிந்தது கன்று போடும் பசுவுக்காக. தீ வைத்த தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த தகப்பனைக் கரி படிந்த முகத்தோடு, கழுவக்கூட விடாமல், தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

வருடங்கள் கழித்து மெலிந்து திரும்பி வந்தார். ஒன்றும் நடக்காதது போல அயலவன் வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்தான். தகப்பனும் கையசைத்தார். தாய் அசைக்கவில்லை. அவள் காத்திருந்தாள். அயலவன் வயதாகிக் காணியை விற்றபோது புருஷனை நெருக்கி அதை வாங்கவைத்தாள். அவனுடைய வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, அந்தப் பலகையில் தெருவோரமாகப் பன்றிக் கொட்டில் கட்டினாள். அவன் ஊரைவிட்டுப் போகவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவால்தான் தேவாலயத்துக்குப் போகவேண்டும்.

“அந்தப் பன்றிகளுக்கு அம்மா வேறு யாரையும் தீனி வைக்க விடவில்லை” என்றார் கிழவர்.

அது பிழையில்லையா என்று கேட்டேன். மன்னிக்கச் சொல்கிற யாரும் தகப்பனைக் கொண்டுபோன அன்றைக்குத் தங்கள் வீட்டில் இருக்கவில்லை என்றார். அன்றுதான் என் அண்ணனைப் பற்றி அவருக்குச் சொன்னேன்.

ஊரில் எங்கள் வீட்டு வளவு தேற்றாத்தீவில், வாவிக் கரையோடு சேர்ந்தது. தாய்வழியாக அம்மாவுக்கு வந்த சீதனம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுக்குப் பின்வளவில் மாமியின் வீட்டில் இருந்தார். உன்னிச்சைப் பக்கம் வட்டை என்கிற வயல்வெளியில் எங்கள் வயலும் அவருடைய வயலும் அடுத்தடுத்து. வரம்பைப் பற்றி அண்ணனுக்கும் அவருக்கும் எப்போதும் வாய்த்தர்க்கம். யுத்தம் நடந்த கெட்ட காலத்தில் ஒரு பின்னேரம் படைக்காரரின் ஜீப் வந்தது. மாமா வேலியோரம் நின்று எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டியதை அம்மா கண்டாள். அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அம்மா போன வருடம் செத்துப்போனாள். வளவு எனக்கு வந்தது. எங்கள் கரையில் கட்டியிருந்த தன் மீன்பிடித் தோணிக்கு மாமா போவதும் வருவதும் எப்போதும் எங்கள் வளவுக்குள்ளால்தான். அந்தப் பாதையை யாரும் தடுத்ததில்லை. நான் ஊருக்கு வந்த கையோடு கொங்கிறீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்தேன்.

விடிய, துடுப்போடு மாமா வேலிக்கு அங்கால் நின்றார்.

“என்ன புள்ள, வழிய அடைச்சிப்போட்டாய்? தோணி அங்கால கிடக்கு.”

“தெரியும் மாமா.”

“அம்மா இருந்தா இப்பிடிச் செய்வாவா?”

“அம்மாதான் கண்டவ. ஜீப்புக்காரனுகளுக்கு எங்கட வீட்டுக்கு வழி காட்டினது நீங்க. இனி உங்களுக்கு இதால வழி இல்ல.”

அவர் மறுக்கவில்லை. “அவனுகள் என்னையும் அடிச்சவனுகள்” என்றார்.

“அடிச்சிருப்பானுகள். அண்ணனக் கொண்டுபோன மறுகா வட்டைக்குப் போய் வரம்ப எங்கட வயலுக்குள்ள வெட்டித் தள்ளினீங்களே. அதையும் அடிச்சா செய்யச் சொன்னவனுகள்?”

துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மாமி வந்து அழுதாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்து, வயதான மனிதன், விட்டுவிடு என்றார். அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். வழக்குப் போடுவார் என்று சிலர் பயமுறுத்தினார்கள். போடட்டும், நீதவானுக்கு முன்னால் அந்த ஜீப்பையும் பேசலாம் என்றேன். அவர் போடவில்லை.

தெருவால் சுற்றிப் போய், ஊரார் தோணி விடும் பொதுத்துறையில் இறங்கி, கரையோரம் சேற்றுக்குள் நடந்துதான் மாமா தோணிக்கு வரவேண்டியிருந்தது. முழங்கால் வருத்தம் உள்ள மனிதர். சில கிழமைகள் அப்படி வந்தார். துறையில் தோணி கட்ட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு தோணியைப் பனிச்சங்கேணிக்காரர் ஒருவருக்கு விற்றார். அவர்கள் வந்து தோணியைக் கரையேற்றி லொறியில் ஏற்றிய அன்று, வேண்டுமென்றே கதிரை போட்டுக் கரையில் இருந்து பார்த்தேன். மாமா பொதுத்துறையில் தனியாக நின்றார். பழி தீர்த்தாலும் மனம் ஆறாது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆறியது.

கிழவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அவன் பார்த்துக்கொண்டு நின்றானா?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார்.

என் புருஷன் ஆஸ்திரேலியாவிலிருந்து, போதும், திரும்பி வா என்கிறார். நான் பயணத்தை மாரி வரைக்கும் தள்ளிப் போட்டிருக்கிறேன். காலையில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் கோர்ன் அடிக்கும்போது மாமா பையோடு தெருவுக்கு வருவார். பிறந்த நாளிலிருந்து வாவி மீன் தின்றவர், இப்போது ஐஸ் மீனின் செவுளை விரித்துப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார். எனக்கு மீன் தேவையில்லாத நாளிலும் போய் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.