ஒரே மடக்கில் இரண்டு மாத்திரை

மகள் பிறந்து ஏழு மாதம் ஆனபோது என் தைராய்டு டி.எஸ்.எச். அளவு குறைந்திருக்க வேண்டும். ஏறியிருந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் தவறவில்லை. பள்ளியில் வீட்டுப்பாடம் முடிக்காமல் போனதே இல்லாதவள் நான்.

"ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இறங்கலைன்னா டோஸ் ஏத்திடலாம்" என்றார் டாக்டர். என் பாலைத்தானே குழந்தை குடிக்கிறாள், அவளுக்கு ஏதும் ஆகுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் கைபேசியைத் திறந்தேன். தைராய்டுக்கு அயோடின் வேண்டும், செலினியம் வேண்டும், இரும்பு வேண்டும். ஈயமும் பாதரசமும் கூடாது. வேதியியல் படித்தவளிடம் இதைச் சொன்னால் கேட்க வேண்டுமா? தனிம அட்டவணையே எங்கள் சமையலறைக்குக் குடிவந்துவிட்டது.

அலுமினியக் குண்டான்கள் பரணுக்குப் போயின. குடிதண்ணீர் செப்புக் குடத்துக்கு மாறியது. மூன்றாம் நாள் செம்பு அதிகமாகிவிடுமோ என்று தோன்ற, மறுபடி எவர்சில்வருக்கே வந்தது.

"கார்த்திகைக்கு நம்மூரு மலை மேல தீபம் எரியிற கொப்பரையே செம்புதாம்மா. ஊரே கும்புடுது. உனக்கு மட்டும் ஆவாதா?" என்றார் மாமியார்.

பாக்கெட் உப்பை நிறுத்தினேன். எல்லாத் தாதுக்களும் இதில் உண்டு என்று யாரோ வீடியோவில் சொன்ன ரோஜா நிற இந்துப்பு வந்தது. செலினியத்துக்காக, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் கடையில் பிரேசில் நட்டு என்கிற கொட்டை வாங்கினேன். நாளுக்கு ஒன்றுதான். அதற்கு மேல் போனால் செலினியமே கெடுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்னி வழக்கத்தைவிட வழுவழுவென்று இருந்தது. மூன்றாவது இட்லியில் எனக்குச் சந்தேகம் வந்தது.

"அத்தை, இதுல என்ன போட்டீங்க?"

"டப்பாவுல பெருசு பெருசா கடலை இருந்துச்சே, ஒரு கை அள்ளிப் போட்டேன். எங்க கொல்லையில இந்த சைஸுக்கு வெளைஞ்சதே இல்லம்மா."

ஆறு இட்லி சாப்பிட்டிருந்த கணவர் தட்டிலிருந்து தலை தூக்கினார். "எனக்கு இப்போ ஏறுமா, இறங்குமா?"

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குற்றவாளியாக மாமியாரும் குழந்தையோடு வந்திருந்தார். குண்டான், உப்பு, சட்னி என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒரு வேளை சட்னிக்கு ஒண்ணும் ஆகாது. அதை விடுங்க. காலையில மாத்திரை எப்படிப் போடுறீங்க?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "அஞ்சரை மணிக்கு டாக்டர், வெறும் வயித்துல. மறந்துடக் கூடாதுன்னு பிரசவத்துக்கப்புறம் குடுத்த இரும்பு மாத்திரையும் சேத்து ஒரே மடக்குல."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "சேத்தா? இரும்பு இந்த மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும்மா. உடம்புக்குள்ள சரியாப் போகவே விடாது. ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்."

"வூட்ல இருந்த உலோகத்தையெல்லாம் வெரட்டினா டாக்டர்" என்றார் மாமியார். "வாயில போட்டதை விட்டுட்டா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில், கேட்காமல் விட்ட கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"மாத்திரையால பாலுக்கு ஒண்ணும் இல்ல. குழந்தைக்குப் பொறந்தப்பவே டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லாத்தான் இருக்கா" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா உப்பை மாத்தினீங்க பாருங்க, அதை உடனே நிறுத்துங்க. இந்துப்புல அயோடின் இல்லேன்னே சொல்லலாம். உங்க பால்லேர்ந்துதான் அவளுக்கு அயோடின் போகுது."

அவளைக் காப்பாற்றக் கிளம்பி, அவள் பங்கிலேயே கை வைத்திருக்கிறேன். போகும் வழியிலேயே அயோடின் உப்பு பாக்கெட் வாங்கினேன். ஒன்று போதும். மூன்று வாங்கினேன்.

இரும்பு மாத்திரையை மாமியார் பறிமுதல் செய்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அவர் கையால் கிடைக்கும்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுத்த அன்று பௌர்ணமி. சாயங்காலம் ரிப்போர்ட் கைபேசிக்கு வந்தது. அளவு இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. லேபுக்குப் போன் செய்தேன்.

"இது என்னோடதுதானா? மாறிப் போயிருக்காதே?"

"மேடம், காலையிலேர்ந்து தைராய்டுக்கு ரத்தம் குடுத்தது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கல்லாம் கிரிவலத்துல இருக்காங்க."