சீமெந்தில் நடந்த ஸ்கேட்ஸ்

ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் சாவி வெட்டும் கடைக்காரர் இயந்திரத்தைப் போட்டதும் எழுந்த சூட்டு இரும்பு மணம், வால்தம்ஸ்டோவில் நாங்கள் மூவரும் வளர்ந்த ஐஸ் ரிங்க்கின், அந்தப் பனிச்சறுக்குத் திடலின், பின்னறைக்கு என்னைக் கொண்டுபோனது. அந்த ரிங்க் இப்போது இல்லை. அங்கே மாடிவீடுகள் நிற்கின்றன.

சனிக்கிழமைகளில் அண்ணை அந்த அறையில் ஸ்கேட்ஸ் சப்பாத்துகளின் அடி அலகுகளைத் தீட்டுவார், அக்கா வெளியே ஐஸில் போட்டிக்குப் பழகுவாள், ஒன்பது வயதான நான் ஈரக் கையுறைகளும் வினிகர் தெளித்த சிப்ஸும் மணக்க, பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீட்டிய ஸ்கேட்ஸோடு கறுப்பு றப்பர் விரிப்பில்தான் நடக்கவேண்டும், சீமெந்தில் நடந்தால் கூர் போய்விடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பெரிய போட்டியன்று அக்கா தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்த நேரம், அவளுடைய ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டு சீமெந்தில் கழிப்பறை வரை போய்த் திரும்பினேன். போட்டியில் முதல் திருப்பத்திலேயே அக்கா வழுக்கி விழுந்தாள்; முழங்கால் சிரட்டை உடைந்தது.

“நீ ஒழுங்காத் தீட்டேல்லை,” என்றாள் அக்கா.

“நான் வடிவாத் தீட்டித்தான் தந்தனான்,” என்றார் அண்ணை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களாக அவர்கள் இருவரும் பேசுவதில்லை.

போன மாதம் அம்மா காலமானார். வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்க இருவரும் வெவ்வேறு நாட்களில் வருவார்களாம். ஆளுக்கொரு சாவி கேட்டிருந்தார்கள்.

வெட்டிய முதல் சாவி என் உள்ளங்கையில் சுட்டது.

“மற்றதும் வெட்டட்டோ, தங்கச்சி?” என்றார் கடைக்காரர்.

ஒரே சாவி என்றால் அவர்கள் சந்திக்க வேண்டிவரும். நானும் சொல்ல வேண்டிவரும்.

“ஓம், வெட்டுங்கோ,” என்றேன்.