ஒராள் போட்டில நிக்கணும்

அத்தானின் அழைப்பு வந்தபோது நான் எங்கள் மீன்பிடிப் போட்டில் மழைத்தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அக்கா போயிட்டாடா" என்றார். வாளியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னைத் துரத்திவிட்டவரே அக்காதான். "எல்லாரும் இஞ்ச வந்து நிண்டா அங்க போட்டில ஆரு? போ மனெ" என்றார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் நான் அவருக்கு மனெதான், மகன்தான்.

அக்காவின் சவப்பெட்டியைச் சுமக்கக் கூடப்பிறந்த தம்பி வரவில்லையே என்று சாவீட்டில் சிலர் கேட்டார்களாம். கேட்டதில் பிழையில்லை. அக்காவை அறிந்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அக்கா நேசமலரும் அத்தானும் வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். கடலோடு சேரும் அந்த உப்புநீர்ப் பரப்பு எங்களுக்கு வாவியும் இல்லை, களப்பும் இல்லை, ஆறு. ஆற்றில் தோணி விட்டு, இறால் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் வாழ்ந்த குடும்பம். ஒருநாள் அக்காதான் தொடங்கினார். "எத்தின காலத்துக்கு இந்த ஆத்தையே கிண்டுற? கடலுக்குப் போவம்." அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தோணி இரண்டும் விலைக்குப் போய், வீட்டுக்குப் பக்கத்து வளவுக் காணியும் போய், ஊரார் றோலர் என்று சொல்கிற பழைய பெரிய இயந்திரப் படகு ஒன்று வந்தது. அதற்குப் பச்சை வர்ணம் தெரிவு செய்தவரும் அக்காதான். அது போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

முதன்முதலாக அதைக் கடலுக்கு விட்ட காலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடலுக்குப் போகும் படகில் பெண்கள் ஏறக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அக்கா அதை மறுக்கவில்லை. "முகத்துவாரம் வரைக்கும் ஆறுதானே? அங்க தேங்காய் உடைச்சிட்டு இறங்கிருவன்" என்றார். அந்த வாதத்தில் சட்டத்தரணியே தோற்றுப்போவார். பூசைத் தட்டோடு போட்டின் மூக்குப் பக்கம், முன்னணியத்தில் போய் உட்கார்ந்தார். அத்தானும் நானும் இன்னும் மூன்று பேரும் புதுச்சட்டையோடு ஏறினோம். கரையில் ஊரே நின்றது.

ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலில் போட் தரை தட்டியது. அத்தான் எஞ்சினை நிறுத்தினார். அடுத்து நடந்தது ஆற்றுக்காரர் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். தோணி தட்டினால் இறங்கித் தள்ளுவது எங்கள் இரத்தத்தில் ஊறியது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஐந்து ஆண்களும் தண்ணீரில் குதித்து, நெஞ்சளவில் நின்று, அந்த மலை போன்ற போட்டுக்குத் தோள் கொடுத்து "ஏலேலோ" என்று தள்ளினோம்.

ஒரு அலை வந்தது. போட் மிதந்தது. நாங்கள் கைதட்டிக் கூத்தாடினோம். கூத்து முடிந்து பார்த்தால், போட் நீரோட்டத்தில் கடலை நோக்கிப் போகிறது. ஓரமாய்க் கற்பாறைகள். போட்டுக்குள் பூசைத் தட்டோடு அக்கா மட்டும் நிற்கிறார்.

அத்தான் "நேசம்! நேசம்!" என்று கத்தினாரே தவிர என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அக்கா தட்டைப் பக்குவமாகக் கீழே வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். பக்கத்தில் கிடந்த நங்கூரத்தை இரண்டு கையாலும் இழுத்து, காலால் உதைத்துத் தண்ணீருக்குள் தள்ளினார். கயிறு சுருள் சுருளாக ஓடியது. போட் மூக்கைத் திருப்பி, பாறைக்குக் கொஞ்சத் தூரம் இருக்க நின்றது.

நீந்திப்போய்த் தொற்றி ஏறினோம். நனைந்த கோழிகளாக நின்ற எங்களை அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தள்ளுறதுக்கு அஞ்சு பேர் இறங்கினீங்களே, புடிக்கிறதுக்கு ஆரும் வேணாமா? இனி ஆரும் இறங்கிறதெண்டா ஒராள் போட்டில நிக்கணும். விளங்கிச்சா?"

"ஓம் அக்கா" என்றோம். அத்தானும் "ஓம் அக்கா" என்றார்.

அதன் பிறகு அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தேங்காயை உடைத்துவிட்டு எங்களோடு கடலுக்கே வந்தார். அலையாட்டம் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தரம் சத்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்து, "எங்கட ஊர் இவ்வளவு சின்னனா!" என்று சிரித்த சிரிப்பு, நான் அவரிடம் கண்ட சிரிப்புகளில் பெரியது. அன்று நாலு பாரை மீன்தான் வலையில் பட்டது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?" என்று அதையும் சொல்லிக் காட்டினார்.

அந்தப் போட் எங்களை வாழவைத்தது. ஒராள் போட்டில நிக்கணும் என்ற அக்காவின் வார்த்தையும் வீட்டுக்குள் வந்து குடியேறியது. வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினால் ஒராள் போட்டில். அக்காவின் மகளின் கலியாணத்துக்கு ஊரே கோயிலுக்குப் போனால் ஒராள் போட்டில். பெரும்பாலும் அந்த ஒராள் நான்தான். முணுமுணுத்திருக்கிறேன். மறுத்ததில்லை.

அக்காவின் இறுதி ஊர்வல நாளில் மாரி வெள்ளம் ஆற்றை நிரப்பியிருந்தது. வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் முழுவதும் கடலுக்கு இழுத்தது. என்னைக் கூட்டிப்போகத் தோணியில் வந்தவர்கள் "ரெண்டு நங்கூரம் போட்டுட்டு வா" என்றார்கள். போட்டேன். இறங்க அவர்களின் தோணிக்குள் ஒரு காலும் வைத்தேன். போட் நங்கூரக் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்தது. காலை எடுத்துவிட்டேன்.

ஊர்வலம் ஆற்றோரப் பாதையால் வந்தது. போட்டுக்கு நேரே வந்ததும் அத்தான் பெட்டியை நிறுத்தச் சொல்லி என் பக்கம் பார்த்தார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி, கரைக்குக் கேட்கக் கத்தினேன்.

"அக்கா, போட்டில நான் நிக்கிறன். நீங்க போயிட்டு வாங்க!"