வெள்ளைச்சாமியின் நான்கு வருடம்

தீவுகளுக்குள் ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் எழுதும் ஜன்னலில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பெயர், வயது, போகும் தீவு மூன்றையும் படிவத்தில் எழுதி, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டுவார்கள். பெயரில் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. தீவில் பொய் சொன்னால் வேறு ஊரில் போய் இறங்க வேண்டியிருக்கும். வயதில் மட்டும்தான் கைவரிசை. பெண்கள்தான் குறைத்துச் சொல்வார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்து நிற்கும் ஆண்களை நான் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பூசிக்கொண்டிருந்தவன்தான்.

ஆனாலும் வெள்ளைச்சாமியைப் போல, நான்கே நான்கு வருடத்துக்காக மகனோடும் மேஸ்திரியோடும் என்னோடும் மல்லுக்கு நின்ற ஆளை நான் கண்டதில்லை.

கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருந்த தகரவீட்டுக்கு அவர் குடிவந்தது 2006-இல். மகன் ரவிச்சந்திரன் டவுனில் லாரி ஓட்டினான். வெள்ளைச்சாமி அதற்கு முன்னால் முப்பது வருடம் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். அதற்கும் முன்னால் இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து இவர்களைத் திருப்பி அனுப்பியபோது ராமேஸ்வரம், முகாம், கப்பல் என்று அலைந்து கச்சாலில் வந்து இறங்கிய குடும்பம். சுனாமி அந்தத் தீவின் கரையை எல்லாம் வாரிக்கொண்டு போனபோது, மேட்டுத் தோட்டத்தில் இருந்ததால் இவர்கள் பிழைத்தார்கள். அதன்பிறகு ஒன்றரை வருடத்தில் அவருக்கு அறுபது ஆகிவிட்டது என்று சொல்லி, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையைப் போட்டுக்கொள்ளாமல் கையில் வாங்கிக்கொண்டு வந்ததாக அவரே என்னிடம் சொன்னார்.

"எனக்கு எங்க சார் அறுவது? அம்பத்தாறுதான். சின்ன வயசுல என்னைய தோட்டத்துல பேரு பதியக் கூட்டிட்டுப் போனாரு எங்கப்பா. பன்னெண்டு வயசுன்னு சொன்னாத்தான் அரைப்பேரு போடுவாங்க, பாதிச் சம்பளமாச்சும் வரும். அப்ப எனக்கு எட்டு. நாலு வருசத்தக் கூட்டிச் சொல்லிப்புட்டாரு மனுசன். அதுதான் பாஸ்போட்டுல ஏறி, முகாம் கார்டுல ஏறி, கச்சால் வரைக்கும் என் கூடவே வந்துருச்சு. எங்கப்பன் சொன்ன பொய்க்கு நான் கிழவனாகணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த நியாயத்தை அவர் நிரூபித்த விதம் இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது. எங்கள் சந்துக்கு கேஸ் வண்டி ஏறாது. கீழே இறக்கிவைக்கும் சிலிண்டரை, மகன் தடுத்தாலும் கேட்காமல், தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார். யாரும் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி கதவைத் திறந்தால் சிலிண்டர் உள்ளே இருக்கும், அவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, வெயிலு" என்பார். மழை கொட்டிக்கொண்டிருக்கும் அப்போது.

பஸ்ஸில் இன்னும் மோசம். வயதைப் பார்த்துத் தயங்கிய மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, ஷாதிபூரில் ஒரு கட்டடத்தில் பெயின்ட் அடிக்கும் கூலி வேலை பிடித்திருந்தார். காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் போவோம். கல்லூரிக்குப் போகும் ஏதாவதொரு பெண் எழுந்து, "பைட்டியே சாச்சா" என்று பெரியவரை உட்காரச் சொல்லி இடம் கொடுத்துவிட்டால் போதும், அன்றைய நாள் கெட்டது. "நஹி பேட்டி, நீ உக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, என் காதருகில் வந்து, "என்னையப் பாத்தா கிழவன் மாதிரியா சார் இருக்கு?" என்பார். காலியான அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு முழங்கால் வலி, வீராப்பெல்லாம் கிடையாது.

அப்படி நின்றுகொண்டே வரும்போதுதான் பழைய கதைகள் வரும். கச்சாலில் விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் பால் வெட்டப் போன கதை. மாதத்துக்கு ஒருமுறை கப்பல் வரும் நாளில் தோட்டமே கப்பல் அணையும் ஜெட்டிக்கு ஓடிய கதை. கடிதம் வராதவர்கள்கூட ஓடுவார்களாம், கப்பலைப் பார்க்க. மாரியம்மன் திருவிழாவுக்கு நிக்கோபாரி நண்பர்கள் படகு நிறைய இளநீர் கொண்டுவந்து இறக்கியதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். அந்த நண்பர்களில் பாதிப்பேர் இன்று இல்லை, அந்த ஜெட்டியும் இல்லை. "அங்க நான் எப்பவும் வாலிபந்தான் சார்" என்று ஒருநாள் சொன்னார். நானும் இருபத்தெட்டு வயதில், ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்தத் தீவில் இறங்கியவன். எனக்கு அது புரிந்தது, புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கதைகளில் அடிக்கடி வரும் பெயர் ஒச்சம்மா. அவருடைய அக்கா, கார்டுப்படி அவரைவிட நான்கு வயது மூத்தவள். கச்சாலை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டவள்.

2008 ஜூலையில், அதே தோட்டத்து அழகையாவிடமிருந்து போன் வந்தது. ஒச்சம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறது, தம்பியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடல் கொந்தளிக்கும் மாதம். அந்தப் பக்கம் போகும் கப்பல் பத்து நாளைக்கு ஒன்றுதான், அதுவும் நிச்சயமில்லை. வெள்ளைச்சாமி ஓடி அலைந்து கச்சாலுக்குப் போக அரசாங்க அனுமதி பாஸ் வாங்கிவிட்டார். டிக்கெட்தான் பாக்கி.

எங்கள் ஜன்னல் முன்னால் வரிசைக்கு ஒரு முறை உண்டு. விடிவதற்கு முன்பே வந்து, கல்லையோ செருப்பையோ பையையோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஆள் இல்லாவிட்டாலும் கல்லுக்கு மரியாதை உண்டு, யாரும் தாண்ட மாட்டார்கள். வெள்ளைச்சாமி அன்றைக்கு இருட்டோடு வந்து ஒன்பதாவது இடத்தில் தன் குடையை வைத்தார். ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? போய்க் குடையை எடுத்து விரித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். கல் வைத்தவர்களின் கற்கள் நனைந்துகொண்டு அப்படியே கிடந்தன. மழை விட்டதும் இவர் திரும்பி வந்தால், இவருடைய இடம் என்று ஒன்று இல்லை. எழுபதாவது ஆளாகப் போய் நின்றார்.

நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு என்னிடம் இருபது டிக்கெட்கூட இல்லை. அவருக்கு முன்னால் நாற்பது பேர். பக்கத்து ஜன்னலில், மூத்த குடிமக்கள் என்று பலகை தொங்கும் இடத்தில், மூன்றே பேர். சித்ரா என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அங்கே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, "வெள்ளைச்சாமி! அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினேன்.

"எனக்கு அம்பத்தெட்டு சார்," என்றார் அங்கிருந்தே.

"கார்டுல அறுபத்திரண்டு இருக்கு!"

"அது எங்கப்பா சொன்ன பொய்யி!"

"அக்கா பெரிசா, நாலு வருஷம் பெரிசா? இந்தக் கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்த ஒரு பெங்காலி, "ஜாவோ சாச்சா, ஜாவோ" என்று முதுகில் மெல்லத் தட்டினான். அவர் அசையவில்லை. குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு அத்தனை பேர் பார்க்க, அந்தப் பக்கம் நடந்தார். ஐந்தாறு எட்டுதான் இருக்கும். அதற்குள் அவர் தோள் இறங்கிவிட்டது.

"கார்டுல என்ன இருக்கோ அத எழுதிக்கம்மா," என்று சித்ராவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நான் சொன்னதா எழுதாத."

அவரிடம் கத்தியது தப்போ என்று அன்று முழுவதும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இருபது நாள் கழித்து அக்காவையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினார். ஒரு பெண் எழுந்து, "பைட்டியே சாச்சா" என்றாள். "ஜீத்தீ ரஹோ பேட்டி," என்று வாழ்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க சார், ஒரு விசயம்," என்று நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

அவர் சொன்னது இதுதான். கச்சாலில் போய் இறங்கியதும், படுத்துக்கிடந்த அக்காவிடம் முதல் வேலையாக அப்பாவைப் பற்றிப் புகார் வாசித்திருக்கிறார். அவர் கூட்டிச் சொன்ன பொய்யால், கிழவர்களின் வரிசையில் நின்று தலைகுனிந்து வரவேண்டியதாகிவிட்டது என்று. ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் அழுதிருக்கிறாள்.

"அப்பா ஒண்ணும் கூட்டலடா. ஒங்கிட்டதான் கொறச்சுச் சொன்னாரு," என்றாளாம்.

சிறுவயதில் இவருக்கு விடாத காய்ச்சல். ஒன்றரை வருடம் படுக்கை. எழுந்தபோது வளர்ச்சி நின்றுபோய் எலும்பும் தோலுமாக இருந்திருக்கிறார். பேர் பதிந்தபோது நிஜமாகவே பன்னிரண்டு வயது. முதல் நாள் வேலைக்குப் போனால், இடுப்புயரம் இருந்த இவரைச் சுற்றி நின்று, ஒத்த வயசுப் பையன்கள் எல்லாம் குள்ளன் குள்ளன் என்று கேலி செய்திருக்கிறார்கள். லயத்து வீட்டுக்குள் ஓடிவந்து படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மலைமேல் இருந்த தேயிலை வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். உனக்கு எட்டுதான் ராசா, நான்தான் நாலு கூட்டிச் சொல்லியிருக்கிறேன், எட்டு வயதுக்கு நீ நல்ல உயரம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பையன் மறுநாள் வேலைக்குப் போனான். அக்காவிடம் மட்டும் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார், வாயைத் திறக்கக் கூடாது என்று. அவளும் ஐம்பது வருடம் திறக்கவில்லை.

"எனக்குத்தான் காய்ச்சல்ல எதுவும் நெனப்பில்லாமப் போச்சு," என்றார் வெள்ளைச்சாமி. பஸ் திரும்பும் இடத்தில் இருவரும் ஒருபக்கமாகச் சாய்ந்தோம். "அம்பது வருசமா அவரத் திட்டியிருக்கேன் சார். கச்சால்லதான் செத்தாரு. சாகுறப்பக்கூடக் கேட்டேன், ஏம்ப்பா அப்படிக் கூட்டிச் சொன்னீங்கன்னு. சிரிச்சாரு. அப்பவும் சொல்லல."

நான் வெளியே கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு சார். நாலு வருசம் சும்மா குடுத்துட்டுப் போயிருக்காரு. அத வச்சே இம்புட்டு நாள் ஓட்டிட்டேன்."

அதற்குப் பிறகு சிலிண்டர் தூக்குவது நின்றது. தூக்க ஏலாது என்று வாய்விட்டே சொன்னார். மகனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார், தான் பின்னால் கைவீசிக்கொண்டு வருவார். நான் என் மீசை மையை அடுத்த மாதம் வாங்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் மங்கையர்க்கரசியிடம் சொன்னேன்.

ஒச்சம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். மூச்சு கொஞ்சம் சீரானது. ஆனால் போகும் இடமெல்லாம், "இந்த வயசுல இவ்வளவுதாம்மா" என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு அவள் பேச்சே குறைந்துவிட்டது. சோற்றையும் குறைத்தாள். எனக்கு அறுபத்தாறு முடியுது, போதும், ஊரில் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம்.

டிசம்பரில் கச்சாலுக்கு டிக்கெட் எடுக்க இருவரும் வந்தார்கள். அன்று சித்ரா லீவு. மூத்த குடிமக்கள் ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச்சாமி பலகைக்கு நேர் கீழே, ஏதோ அவரே மாட்டிவைத்த பலகைபோல் நிமிர்ந்து நின்றார். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒச்சம்மா.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச்சாமி, ஆண், 62. ஒச்சம்மா, பெண், 62.

"என்ன வெள்ளைச்சாமி, ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் கண்ணையே பார்த்தார்.

"அக்காவுக்கு இப்பத்தான் சார் சொன்னேன். அதுக்கும் அப்பா நாலு கூட்டித்தான் பதிஞ்சிருந்தாரு. அதுக்குத் தெரியாது, எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு. கொஞ்சம் சத்தமா வாசிங்க, அதுக்குக் காது மந்தம்."

கப்பலில் ஏறும்போது வயதை யாரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் இருபத்தெட்டு வருடத்தில் தெரிந்தே ஒரு தப்பான வயதை நான் எழுதியதில்லை. பேனாவைத் திறந்தேன்.

"ஒச்சம்மா. பெண். வயது அறுபத்திரண்டு," என்று ஜெட்டிக்கே கேட்கும்படி வாசித்துவிட்டு எழுதினேன்.

ஒச்சம்மா தம்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கம்பிக்குள் கையை நீட்டி டிக்கெட்டை என்னிடமிருந்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கப்பாவ நீங்க பாத்ததில்லையே சார்," என்றாள். "பொய் சொல்லும்போது அவரு மொகம் இப்படித்தான் இருக்கும்."