அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். அதன் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருநாள் காலை மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், மெஷின் ரிசல்ட் பாதிதான் சிஸ்டத்துக்கு வருது. வந்து ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்க."

மேற்கு மாம்பலத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது டெக்னீஷியன் ஸ்டெல்லா, மேனேஜர் கொடுத்த மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மெஷினிலிருந்து சர்வருக்குப் போகும் கேபிளை அவள் அசைத்துவிட்டாளாம். அந்த மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியது. மெமோ இருந்தால் ஆகாது.

"அக்கா, நான் கேபிள் பக்கமே போகல," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேபிள் கழன்றால் ஒன்றுமே வராது. பாதி வருகிறது என்றால் மீதியை வேறு ஏதோ ஒன்று வாங்கிக்கொள்கிறது. இதைக்கூட யோசிக்காமல் மெமோ அடிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

"இன்னும் ரீஸ்டார்ட் பண்ணலையா?" என்று மேனேஜர் வந்து நின்றார்.

"பண்ண மாட்டேன் சார்."

செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். தடயமும் போயிருக்கும். பழி மட்டும் ஸ்டெல்லா தலையில் நின்றிருக்கும்.

அந்த கேபிள் சர்வரில் வந்து சேரும் வாயில்தான் போர்ட். அதை எந்தெந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று பார்க்க fuser -v /dev/ttyS0 என்று அடித்தேன். இரண்டு புரோகிராம்கள் அந்த போர்ட்டைத் திறந்து வைத்திருந்தன. ஒன்று ரிசல்ட்டை வாங்கும் வழக்கமான புரோகிராம். இன்னொன்று cat, வருவதை அப்படியே திரையில் காட்டும் சாதாரண கமாண்ட். ஓட்டியவர் பெயர் lab. அங்கே எல்லோருக்கும் அந்த ஒரே லாகின்தான், பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். வேண்டாம் என்று எத்தனை முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்த cat எந்த டெர்மினலில் ஓடுகிறது என்று ps கமாண்ட் சொன்னது: pts/2. அடுத்து, எந்த டெர்மினலை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திறந்தார்கள் என்று காட்டும் who அடித்தேன். pts/2, மேனேஜர் அறைக் கம்ப்யூட்டர், நேற்று சாயங்காலத்திலிருந்து.

அவர் அறையில் மினிமைஸ் ஆகிக் கிடந்த விண்டோவைத் திறந்தேன். காணாமல் போன ரிசல்ட்டெல்லாம் அங்கே துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருந்தது.

"டேட்டா வருதான்னு நேத்து செக் பண்ணேன், மூட மறந்துட்டேன் போல. இதெல்லாம் சகஜம்தானே மேடம்."

சகஜமாம். அவர் மறந்தால் சகஜம், அவள் செய்யாததற்கு மெமோ. kill என்று அடித்து அந்த cat-ஐ நிறுத்த எனக்கு ஒரு நொடி போதும். அடிக்கவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நிறுத்தி, "நீங்களே கன்ட்ரோல்-சி அழுத்தி அதை நிறுத்துங்க சார்," என்றேன். அழுத்தினார். அடுத்த ரிசல்ட் முழுசாக வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, ரீஸ்டார்ட் பண்ணு என்று யார் அவசரப்படுத்தினாலும் முதலில் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

"மெமோவைக் கிழிச்சிடும்மா," என்றார் மேனேஜர்.

ஸ்டெல்லா கிழிக்கவில்லை. மூன்று கமாண்டும் சொன்ன பதிலை என்னிடம் பிரிண்ட் எடுத்து வாங்கினாள். மெமோவில் 'ஊழியரின் விளக்கம்' என்ற இடத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, அவர் மேஜை மேல் வைத்தாள்.