மிஸ் வீட்டில் இறங்கிய விமானங்கள்

“ஒண்ணுக்கு எழுபத்திரண்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா? ஊரு கிளாவரைன்னு வேற சொல்றே.”

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மிஸ் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் கேட்ட கேள்வி இது. அவர் கையில் ஒரு சாண் அகலத்தில் பிளாஸ்டிக் விமானம் ஒன்று இருந்தது. அதன் வாலை, சளி பிடித்த குழந்தையின் மூக்கைப் பிடிப்பது போல இரண்டு விரல்களால் மெதுவாகப் பிடித்திருந்தார். கேள்வியில் கேலி இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதில் இருந்தது சந்தேகம். சந்தேகத்தை என்னால் தாங்க முடியாது. “எங்க பூண்டுக் காடு நூத்தி நாப்பத்தி நாலு அடி நீளம் மிஸ்,” என்றேன். “அதை அந்தக் கணக்குல செஞ்சா ரெண்டே அடி. உங்க டீப்பாய் மேல வச்சிரலாம். களை எடுக்கிற எங்கம்மா ஒரு இஞ்சுகூட இருக்க மாட்டாங்க.” மிஸ் விமானத்தை என்னிடம் நீட்டினார். வேலை கிடைத்துவிட்டது. உண்மையில் அந்தக் காட்டை யாரும் அடிக்கணக்கில் அளந்ததில்லை. மீதியில்லாமல் வகுபடும் ஓர் எண்ணைச் சொன்னேன், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் பெருவிரலில் மை தடவித்தான் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கிறார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்துக்குள் காலே வைக்கவில்லை. நான் கொடைக்கானலில் விடுதியில் தங்கிக் கணிதத்தில் பட்டம் வாங்கினேன். மதுரையில் எம்.எஸ்ஸி. சேர மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் ஊரில் போய் உட்கார்ந்தால் ஒன்று களைக்கொத்தைக் கையில் கொடுப்பார்கள், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அப்போதுதான், மிஷன் பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டில் இருக்கும் மாடல்களைத் துடைத்துப் பட்டியல் எழுத ஆள் தேடுகிறார் என்று விடுதியில் சொன்னார்கள். தங்க இடமும் உண்டு. மூன்று மாத வேலை. மூன்று வருடம் இருந்தேன்.

மாடல் என்றால் உண்மையான விமானத்தையும் கப்பலையும் ரயிலையும் அளவு பிசகாமல் சுருக்கிக் கட்டுவது. மிஸ் வீட்டில் அவை இல்லாத இடம் குளியலறை மட்டும்தான். கூடத்தில் ஐந்து அலமாரி நிறைய விமானங்கள். சாப்பாட்டு மேசையில் முக்கால் பங்கு கப்பல்கள். மீதியில் இரண்டு தட்டு வைத்து நானும் அவரும் சாப்பிடுவோம். தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கை நீட்டினாலும் ஒரு பாய்மரத்தைச் சுற்றித்தான் நீட்ட வேண்டும். என் கட்டிலுக்கு மேல் ஏழு விமானங்கள் நைலான் நரம்பில் தொங்கின. படுக்கையில் சட்டென்று எழுந்து உட்கார முடியாது. ஈரக் காற்று பட்டால் பசை விட்டுவிடும் என்று ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருந்தன. ஊரெல்லாம் மலைக்காற்று வாங்கக் கொடைக்கானலுக்கு வரும்போது, நான் அந்த மலைக்குள்ளேயே மூடிய ஜன்னலுக்குப் பின்னால் பெயிண்ட் வாசனையைச் சுவாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்றைத் தவிர அவை எதுவும் மிஸ் கட்டியவை அல்ல. பள்ளியில் பல வருடம் சனிக்கிழமை மாடல் கிளப் நடத்தியவர் அவர். வெளிநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்களாம். உள்ளூர்ப் பிள்ளைகள் தீக்குச்சியிலும் செருப்பு டப்பா அட்டையிலும் அதே விமானத்தைச் செய்து அவர்களோடு போட்டி போடுவார்களாம். கிளப்பின் வருகைப் பதிவேடுகளை மிஸ் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு காலத்தில் பெயர்கள் பக்கத்தின் முன்புறம் போதாமல் பின்புறத்துக்கும் வழிந்திருந்தன. பிறகு பின்புறம் காலியானது. பிறகு அரைப் பக்கம். கடைசி வருடத்தில் இரண்டே பெயர். அதிலும் ஒன்றை அடித்திருந்தார். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மிஸ் சிரித்தார். “பசங்க எங்கயும் ஓடிப் போகலம்மா. அடுத்த ரூமுக்குத்தான் போனாங்க. அங்க கம்ப்யூட்டர் வந்துச்சு. நான் பையனா இருந்தா நானும் போயிருப்பேன்.” அந்த மாடல் அறையும் கடைசியில் கம்ப்யூட்டர் அறையானது. ஐந்து அலமாரிகளும் ஒரு லாரியில் ஏறி நாயுடுபுரத்துக்கு வந்தன.

அதோடு நின்றிருந்தால் என் பட்டியல் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஊரடங்கின்போது வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பரணைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். மகன் பன்னிரண்டு வயதில் ஒட்டிய போர் விமானம் கையில் கிடைக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. உடனே மிஸ் ஞாபகம் வந்துவிடும். செய்தித்தாளில் சுற்றிய பார்சல் மலையேறி வரும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: உங்களிடம் இருந்தால்தான் பத்திரமாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பார்சல்கள் நிற்கவில்லை. பட்டியல் முடியப் போகிறது என்று நினைக்கும் வாரத்தில் தபால்காரர் வாசலில் நின்று, “தங்கச்சி, இன்னொரு பிளேன் லேண்டாயிருச்சு,” என்பார். மிஸ் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. அன்போடு அனுப்புகிறார்கள் என்பார். எனக்கென்னவோ அது அன்பாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கூடத்து ஜன்னல் விளிம்பில் ஒரு சாசரில் கல் உப்பு இருக்கும். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பு அந்த உப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. மேகம் இறங்கிய நாளில் வார்னிஷ் அடித்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்து வெளுத்துவிடும். மதுரையில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. எங்களுக்கு உப்புதான் பஞ்சாங்கம்.

முதல் மூன்று மாதம் முடிந்து, மதுரைக்குப் போய்ச் சேரக் கிளம்புவதற்கு முந்தைய நாள், பட்டியலில் கடைசியாக ஒரே ஒரு விமானம் மிச்சமிருந்தது. கருநீல நிறத்தில் இரட்டை இறக்கை கொண்டது. மிஸ் தன் கையால் கட்டியது அது ஒன்றுதான். அதற்குப் புது வார்னிஷ் அடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைகூட இல்லை, பெருமை. நான் போன பிறகும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் என் பெயரைச் சொல்ல வேண்டும். அவசரத்தில் அடுப்படிக்குள் நின்றபடியே அங்கிருந்த உப்பு ஜாடியில் கைவிட்டுப் பார்த்தேன். பொலபொலவென்று இருந்தது. அடுப்புச் சூட்டில் இருக்கும் உப்பு மழைக்காலத்திலும் பொலபொலவென்றுதான் இருக்கும் என்பது கொடைக்கானலில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவளுக்குத் தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை. கூடத்துக்கு வந்து அடித்தேன். கண்முன்னாலேயே கருநீலத்தின் மீது பாலாடை படர்ந்தது.

மிஸ் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். “போயிட்டு வாம்மா. அது அப்படியே இருக்கட்டும்,” என்றார். திட்டியிருந்தால் போயிருப்பேன். வெளுத்த இடத்தில் காய்ந்த நாளில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரைப் பூத்தூறலாக அடித்தால் நிறம் திரும்பிவிடும். ஒரே ஒரு காய்ந்த நாள் போதும். மறுநாள் காலை எழுந்ததும் கூடத்து உப்பைத் தொட்டேன். ஒட்டியது. அதற்கடுத்த நாளும் ஒட்டியது. ஒன்பது நாள் மேகம் மலையை விட்டு எழவே இல்லை. எதிர்வீட்டு வேலி கண்ணுக்குத் தெரியவில்லை. ஏழாவது நாள் மதுரையில் சேர்க்கை முடிந்தது. பத்தாவது நாள் வெயில் அடித்தது, நிறமும் திரும்பியது. நடுவில் ஒரு நாள் கீழே இறங்கிச் சேர்ந்துவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். இன்றைக்குச் சரிசெய்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்றுதான் ஒவ்வொரு காலையும் நினைத்தேன்.

அப்பா போனில் கத்தினார். “ஏத்தா, காலேசு முடிச்சவளுக்குப் பொம்ம பிளேனுக்குத் தூசி தட்டுற சோலிதான் கெடச்சுச்சா? இங்க காட்டுல களை மண்டிக் கெடக்கு. வெரசா வந்து சேரு.” அவரிடம் வீம்பாகப் பேசி போனை வைத்தேன். அந்த வீட்டில் உடைந்த சக்கரத்தை, நகத்தளவு கதவை, தலைமுடி தடிமனுள்ள கயிற்றை ஒட்டத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். யாரும் பாராட்டவில்லை, ஆனால் வேறு யாராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பே என்னைக் கட்டிப்போட்டது. இரண்டாவது வருடம் நான் விண்ணப்பிக்கவே இல்லை. மிஸ் ஏன் என்று கேட்கவில்லை. என்னை இருக்கச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போகச் சொல்லியும் பிறகு கேட்டதில்லை.

மூன்றாவது வருடம் சீசன் நேரத்தில், பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் மனைவியோடு காரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். அதற்குள் காலம் மாறியிருந்தது. ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை செய்து அலுத்துப்போன இவரைப் போன்றவர்கள் மறுபடி கிட் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். மாடல் கட்டுகிறவர்களுக்கென்று போனில் குழுக்கள், வீடியோக்கள். புதுக் கிட் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுகிறதாம். வேண்டிய பாகத்தை வீட்டிலேயே அச்சடித்து எடுக்கும் இயந்திரம்கூட வைத்திருக்கிறாராம். “வாங்குறாரு மிஸ், அடுக்குறாரு,” என்றார் மனைவி. “ஒரு ரூம் ஃபுல்லா பாக்ஸ். ஒண்ணைக்கூட ஒட்டி முடிச்சு நான் பார்த்ததில்ல.”

“ரிடையர் ஆனதும் ஒட்டுவேன்டி.”

“அப்போ கண்ணு தெரியாது.”

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டியலைப் பார்த்து, அந்த மாணவர் பள்ளியில் கட்டிய கப்பலை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அவர் முகம் சற்று வாடியது. “இவ்வளவு சின்னதா மிஸ்? மேசை நீளம் இருந்த மாதிரி ஞாபகம்.”

“நீ சின்னதா இருந்தடா.”

அவர் குனிந்து பசை வழிந்த இடங்களை விரலால் தடவினார். நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். பிறகு கப்பலை என் பக்கமாகத் தள்ளி, “இங்கயே இருக்கட்டும் மிஸ். உங்ககிட்டதான் சேஃப்,” என்றார். துண்டுச் சீட்டுகளில் நூறு முறை நான் படித்த வாக்கியம். முதல்முறையாக அதை ஒரு மனிதரின் வாயிலிருந்து கேட்டேன். சாப்பாட்டு மேசையின் முக்கால் பங்கும், என் கட்டிலுக்கு மேல் தொங்கிய ஏழும் ஒரு கணத்தில் என் மேல் இறங்கியதுபோல் இருந்தது.

“இங்க சேஃப் இல்லண்ணே. நான் போறேன்,” என்றேன்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “எங்க போறே?”

“மதுரைக்கு மிஸ். எம்.எஸ்ஸி. சேர.”

“எப்போ?”

“இந்த வருஷம்.” நான் விண்ணப்பப் படிவத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மிஸ் கப்பலை அந்த மாணவர் பக்கமாகத் தள்ளினார். “கேட்டியா? எடுத்துட்டுப் போ. துடைக்க ஆள் இல்ல,” என்றார். மாணவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, மனைவி கப்பலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “ஒட்டி முடிச்ச ஒண்ணாவது வீட்ல இருக்கட்டும் மிஸ்,” என்றார்.

கார் போன பிறகு நாங்கள் இருவரும் மேசையருகே நின்றோம். கப்பல் இருந்த இடத்தில் தூசி படியாத நீளமான ஒரு கோடு. “மூணு வருஷமா ‘எப்போ போறே’ன்னு உன்கிட்ட நான் கேக்கல,” என்றார் மிஸ். “கேட்டா போயிடுவியோன்னு இருந்துச்சு.” நானும் ஒளிக்கவில்லை. “எனக்கும் அப்படித்தான் மிஸ். நீங்க கேட்டா போகணுமேன்னு இருந்துச்சு.” அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு நான் கிச்சடியில் உப்புப் போட மறந்திருந்தேன். அவர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த மாதம் முழுவதும் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சிலர் குழந்தைகளோடு வந்தார்கள். ஒருவர் ஆயக்குடியிலிருந்து ஒரு கூடை கொய்யாவோடு வந்து மூன்று விமானங்களை அதே கூடையில் வைத்து எடுத்துப் போனார். சிலர் தூக்கிப் போடச் சொன்னார்கள். பாதிப் பேர் பதிலே எழுதவில்லை. அவர்களுடையதை என்ன செய்வது என்று மிஸ்ஸுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது ஆறு பேர் உட்காரலாம், உட்காரத்தான் ஆளில்லை. நான் போன பிறகு அவர் தனியாகத்தான் சாப்பிடப்போகிறார். அது என் தவறில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் மனசு லேசாகிவிடவில்லை.

போன திங்கட்கிழமை மதுரைக்கு இறங்கினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கல்லூரி அலுவலகத்தில் இருந்த வயதான பெண் எழுத்தர் என் கையிலிருந்த மாற்றுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “பட்டம் வாங்கி மூணு வருஷமாச்சே, இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?” என்றார். மலையில் என்றேன். “இத குடுத்துட்டீன்னா படிப்பு முடியிற வரைக்கும் எங்ககிட்டதான் இருக்கும். நடுவுல மனசு மாறி வந்து நிக்கக் கூடாது. நல்லா யோசிச்சுக்க, வேணும்னா நாளைக்கு வா.”

நாளைக்கு வருவதாக இல்லை என்று சொல்லி, அதை அவர் மேசையில் வைத்தேன். அவர் முத்திரை குத்தி, கோப்புக்குள் போட்டு, நாடாவைக் கட்டிவிட்டார்.